லயப் பள்ளிக்கூடமும் எமது கடனும்

மாத்தளை நகரிலிருந்து இறத்தோட்டை வழியாக ஏறி, ரிவஸ்டன் உச்சியைக் கடந்து, இலுக்கும்புரையில் இறங்கிப் பல்லேகமவை அடையும் மலைப்பாதை இக்கல்லூரியின் பழைய மாணவர் பலருக்குப் பழக்கமானது. அப்பாதையின் முடிவில் முன்னர் இருந்த பல்லேகம ஊரை இன்று எவரும் காண இயலாது. களுகங்கைக்குக் குறுக்கே அணை எழுந்து 2018 ஆம் ஆண்டில் நீர் தேக்கப்பட்டபோது, பழைய கடைத்தெருவும் அலுவலகங்களும் வீடுகளும் வயல்களும் நீருக்கடியிற் சென்றன. மக்கள் லக்கலைப் புதுநகரத்துக்கும் பிற குடியேற்றங்களுக்கும் பெயர்ந்தனர். அவர்களுக்கு நேர்ந்த இழப்புப் பெரிது. எனினும், ஊர் மறையப் போகின்றது என்பது அவர்களுக்கு முன்னரே அறிவிக்கப்பட்டிருந்தது. கழற்றக்கூடிய கதவு நிலைகளைக் கழற்றவும், கட்டக்கூடிய பெட்டிகளைக் கட்டவும், பிறந்த வீட்டின் முன் நின்று ஒரு படமெடுத்துக் கொள்ளவும் அவகாசம் இருந்தது. இப்பக்கத்திற் கடமையாற்றியும் குடியிருந்தும் வரும் பழைய மாணவராகிய நாம் அக்காட்சிகளைக் கண்ணாற் கண்டவர்கள்.

இப்பாதையின் மேற்பகுதியிலும், கம்மடுவ, கந்தேநுவர, எல்கடுவ, உக்குவளை முதலிய தோட்டப் பகுதிகளிலும் எவ்வித அறிவித்தலுமின்றி மறைந்துகொண்டிருக்கும் வேறொன்று உண்டு. அதற்கு அணையும் வேண்டியிருக்கவில்லை, வெள்ளமும் வேண்டியிருக்கவில்லை. கறையானும் மறதியும் போதியனவாயின. லயத்தோரத்தில் நின்ற ஒற்றை மண்டபம், அதிலே ஓர் ஆசிரியர், அவரிடம் அரிச்சுவடி பயின்ற தலைமுறைகள் என்றிருந்த பழைய தோட்டப் பாடசாலையின் வரலாற்றையே குறிப்பிடுகின்றோம். அவ்வரலாற்றைத் தேடித் தொகுத்துக் காப்பது, பிறர் எவருடைய கடனாவதற்கும் முன்னர், எமது கல்லூரியின் கடன் என்பதையே யூபிலி கொண்டாடும் இவ்வேளையில் எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

யூபிலிக் காலத்திற் கல்லூரிகள் தம் பெருமையைப் பேசுதல் மரபு. நிறுவுநரின் தியாகம், அதிபர்களின் கண்டிப்பு, பரீட்சைச் சித்திகள், விளையாட்டு வெற்றிகள் ஆகியன இம்மலரிலும் இடம்பெறும், இடம்பெறவும் வேண்டும். ஆயின் எமது கல்லூரியின் ஆறாம் வகுப்பில் வந்தமர்ந்த பிள்ளைகளிற் பெருந்தொகையினர் எங்கிருந்து வந்தனர்? எழுத்தை யாரிடம் கற்று வந்தனர்? மாடியைப் புகழும் மலர், அத்திவாரத்தைப் பற்றி ஒரு வரியேனும் எழுதாதிருத்தல் முறையாகுமா?

சைவத் தமிழுலகின் கல்வி வரலாற்றைக் கூறுவோர் 1848 ஆம் ஆண்டைத் தவறாது குறிப்பிடுவர். வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆண்டு அது. அதே ஆண்டிலேதான் மாத்தளை மக்கள் ஆங்கில ஆட்சியின் புதிய வரிகளுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். அக்காலத்திலேயே தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிய ஏழைத் தமிழர், தம்புள்ளை வழியாகக் காட்டுப்பாதையில் நடந்து, கோப்பித் தோட்டங்களை நாடி மாத்தளைக்கு வந்துகொண்டிருந்தனர். வழியிற் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் பசியாலும் மாண்டவர் பலர். மலையகத் தமிழர் இந்நாட்டுக்கு வந்த 200 ஆண்டு நிறைவை நினைவுகூர்ந்து, 2023 ஆம் ஆண்டிற் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பெரியதொரு நடைபயணம் நிகழ்ந்தது. முன்னோர் வந்த பாதைக்கு அச்சிறப்புக் கிடைத்தமை மகிழ்ச்சிக்குரியது. அவர்தம் பிள்ளைகள் எழுத்தறிந்த இடத்துக்கும் அத்தகைய நினைவு வேண்டும் என்பதே எமது விண்ணப்பம்.

தோட்டத்துப் பிள்ளைகளின் கல்வி தொடக்கத்திற் சட்டத்தின் பொறுப்பாக இருக்கவில்லை. 1854 ஆம் ஆண்டிற் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் என்னும் கிறித்தவ அமைப்புச் சில தோட்டங்களிற் பாடசாலைகளை நடாத்திற்று. சிற்சில இடங்களிற் கங்காணிமாரின் ஆதரவில் திண்ணைப் பள்ளிகள் இருந்தன. 1907 ஆம் ஆண்டுக் கிராமப் பாடசாலைச் சட்டமே, 6 முதல் 10 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தாய்மொழியிற் கல்வி கிடைக்க ஒழுங்கு செய்தல் தோட்டத்துரையின் கடமை என விதித்தது. 1920 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் அக்கடமையை மேலும் வற்புறுத்திற்று. பத்து வயதோடு சட்டத்தின் அக்கறை முடிந்தது. அதன் பின்னர்ப் பிரட்டுக்களமும் கொழுந்துக் கூடையும் காத்திருந்தன.

இவ்வேற்பாட்டின் உட்கருத்தை மறைத்துப் பேசுவதிற் பயனில்லை. இப்பிள்ளைகள் தோட்டத்துக்கென்றே பிறந்தவர்கள், ஆதலாற் தோட்டத்துக்கு வேண்டிய அளவு எழுத்தறிவு அவர்களுக்குப் போதும் என்பதே அது. பட்டணத்துப் பிள்ளைக்கு ஒரு பாடசாலை, கிராமத்துப் பிள்ளைக்கு வேறொன்று, தோட்டத்துப் பிள்ளைக்கு இன்னொன்று என்றவாறு வகுக்கப்பட்டது. தோலின் நிறத்தைக் கூறிப் பிரிக்கும் சட்டம் இங்கு இருக்கவில்லை என்பது உண்மை. ஆயினும் பிறந்த லயமே ஒரு பிள்ளையின் பள்ளியையும் அப்பள்ளியின் எல்லையையும் தீர்மானித்தது.

1945 ஆம் ஆண்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் பெயரை இன்றும் நாடு நன்றியோடு நினைக்கின்றது. ஆனால் தோட்டப் பாடசாலை அந்நன்மையின் முழுப்பயனுக்கு வெளியே நின்றது. 1948 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1960, 1961 ஆம் ஆண்டுகளில் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும், தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிருவாகத்திடமே விடப்பட்டன. 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது; எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னொரு நாளுக்கு ஒத்திவைக்கப்பட்டது. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களாற் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே, 1977 முதலாகத் தோட்டப் பாடசாலைகள் படிப்படியாக அரசாங்கப் பாடசாலைகளாயின. சட்டம் கடமையை விதித்த நாளிலிருந்து அரசு தானே அக்கடமையை ஏற்கும் நாள் வரை எழுபது ஆண்டுகள் சென்றன.

அவ்வெழுபது ஆண்டுகளும் அந்த ஒற்றை மண்டபத்தில் நடந்தது என்ன? தகரக் கூரை, அரைச்சுவர், மழை பெய்தால் ஆசிரியரின் குரல் கேளாது. ஐந்து வகுப்புக்கும் ஒருவரே ஆசிரியர். முதலாம் வகுப்பு மணலில் எழுதும்; மூன்றாம் வகுப்பு வாய்ப்பாடு ஒப்புவிக்கும்; ஐந்தாம் வகுப்பு கணக்குப் போட்டுக்கொண்டே தம்பி தங்கையரையும் பார்த்துக்கொள்ளும். பள்ளி முடிந்த பின்னரும் அவ்வாசிரியரின் வேலை முடிவதில்லை. ஊரிலிருந்து வந்த கடிதத்தை வாசித்துக் காட்டுபவர் அவர். மறுமொழி எழுதுபவர் அவர். துரைக்கும் கந்தோருக்கும் மனு எழுதுபவரும் அவரே. அவருடைய சம்பளமும் வீடும் தோட்டத்தின் தயவில் இருந்தமையால், எழுதும் மனுவை அளந்தே எழுத வேண்டியிருந்தது.

எனினும் அப்பள்ளி தன்னை அமைத்தவர்களின் எண்ணத்துக்குள் அடங்கிக் கிடக்கவில்லை. கோ. நடேசய்யரும் அவர் துணைவியார் மீனாட்சி அம்மையாரும் தொழிலாளர் உரிமையைத் தமிழில் எழுதியும் பாடியும் தோட்டந்தோறும் பரப்பினர். துண்டுப் பிரசுரம் லயத்தை அடைந்தபோது, விளக்கு வெளிச்சத்தில் அதனைப் பத்துப் பேருக்கு வாசித்துக் காட்ட ஒருவன் வேண்டியிருந்தான். அவ்வொருவன் எழுத்தறிந்த இடம் பெரும்பாலும் லயப் பள்ளிக்கூடமே. செக்ரோலிற் தன் பெயருக்கு நேரே முழுப்பேரா அரைப்பேரா விழுந்திருக்கின்றது எனப் பார்த்துக் கேட்கத் துணிந்தவனும் அங்கே படித்தவனே. பின்னாளில் மாத்தளை சோமு, மாத்தளை வடிவேலன், மாத்தளை கார்த்திகேசு எனத் தம் பெயரோடு ஊர்ப்பெயரையும் பூண்ட எழுத்தாளர் இம்மண்ணின் வாழ்வை எழுத்தாக்கினர். அவர்களை விரும்பி வாசித்த லயத்து வாசகர் எங்கே வாசிக்கப் பழகினர் என எண்ணிப் பார்த்தல் நன்று. கீழ்ப்படிவதற்காகக் கொடுத்த எழுத்து, கேள்வி கேட்பதற்கும் பயன்பட்டது. இதுவே அப்பாடசாலையின் வரலாற்றிற் காக்கத்தக்க உயிர்நிலை.

இம்மலருக்கெனச் செய்தி திரட்டும் நோக்குடன் எம்மிற் சிலர் அண்மையில் ஒரு தோட்டத்துக்குச் சென்றோம். அத்தோட்டத்தின் பெயர் இங்கு வேண்டியதில்லை. அரசு கட்டிய புதிய பாடசாலைக் கட்டடம் தெருவோரத்தில் இருக்கின்றது, பிள்ளைகள் வெள்ளைச் சீருடையிற் தூய்மையாக வருகின்றனர், அதுகண்டு மகிழ்ந்தோம். பழைய மண்டபம் எங்கே என வினவினோம். மேலே, பலா மரத்தருகே எனக் காட்டினர். கூரையின் பாதி இல்லை. எஞ்சிய பாதியின் கீழ் உரமூடைகள் அடுக்கப்பட்டிருந்தன. மணியாகத் தொங்கவிடப்பட்டிருந்த தண்டவாளத் துண்டு கிளையிலேயே இருந்தது. மரம் பருத்து அதன் கம்பியைத் தன்னுள் விழுங்கியிருந்தது. பழைய சேர்விடாப்பும் சம்பவத் திரட்டுப் புத்தகமும் எங்கே எனக் கேட்டோம். கைமாறிய காலத்திற் சில கந்தோரிற் கிடந்தன, பின்னர் அலுமாரி வேண்டப்பட்டபோது வெளியே போடப்பட்டன என்றனர். எவரையும் குறைகூற எமக்கு மனமில்லை. அவை வேண்டியவை என அவர்களுக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை.

அங்கே ஒரு முதிய அம்மையார் எம்மோடு மண்டபம் வரை ஏறி வந்தார். மூன்றாம் வகுப்பு வரை அங்கே படித்துவிட்டுக் கொழுந்தெடுக்கச் சென்றவர். தாம் அமர்ந்த வாங்கு இருந்த இடத்திற் போய் நின்று, தமக்கு இடப்புறமும் வலப்புறமும் இருந்த பிள்ளைகளின் பெயர்களை வரிசையாகச் சொன்னார். பதினொரு பெயர்கள். அவர்களில் ஆறு பேர் இந்தியா சென்றுவிட்டனர். எங்கே இருக்கின்றனர் என்று அவருக்குத் தெரியாது. “வாத்தியார் இடாப்புக் கூப்பிடுறப்ப கேட்டுக் கேட்டு மனசுல நின்னுப்போச்சுங்க ஐயா” என்றார். கறையான் தின்ற இடாப்பின் ஒரு பக்கம் அவ்வம்மையாரின் நெஞ்சில் மட்டுமே எஞ்சியிருக்கின்றது. அவருக்குப் பின் அதுவும் இல்லை.

மாத்தளையிற் பிறந்தோருக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. எமது நகரின் வாயிலில் அலுவிகாரை இருக்கின்றது. பஞ்சமும் போரும் சூழ்ந்த காலத்தில், நெஞ்சிற் சுமந்தவர் மறைந்தால் உபதேசமும் மறைந்துவிடுமே என அஞ்சிய பௌத்த துறவிகள், வாய்மொழியாக வந்த திரிபிடகத்தைக் கி. மு. முதலாம் நூற்றாண்டில் அங்கேதான் ஏட்டிலேற்றினர். நெஞ்சில் உள்ளதை ஏட்டில் ஏற்ற வேண்டிய தருணம் எது என்பதை எம் அயலாரிடமிருந்தே நாம் கற்றுக்கொள்ளலாம்.

இத்தகைய கடமையை எதிர்நோக்கியவர் உலகில் நாம் மட்டும் அல்லேம். அமெரிக்காவின் தென் மாநிலங்களிற் கறுப்பின மக்களின் பிள்ளைகளுக்குச் சட்டத்தினாலேயே தனிப்பள்ளிகள் விதிக்கப்பட்டிருந்தன. 1896 ஆம் ஆண்டில் அந்நாட்டு உயர்நீதிமன்றம் “தனியே, ஆயினும் சமமாக” என்ற கோட்பாட்டை ஏற்றது. நடைமுறையிற் தனிமை இருந்தது, சமம் இருக்கவில்லை. வர்ஜீனியா மாநிலத்தின் பாம்வில் என்னும் சிற்றூரில் 1939 ஆம் ஆண்டில் எழுந்த மோட்டன் உயர்பாடசாலை 180 மாணவருக்கெனக் கட்டப்பட்டது. 1951 அளவில் 450 பேருக்கு மேல் அங்கே கற்றனர். இடமில்லாதவர்களைத் தார்த்தாள் போர்த்திய கொட்டில்களில் அமர்த்தினர். அவ்வாண்டு ஏப்ரல் 23 ஆந் தேதி, பார்பரா ஜோன்ஸ் என்னும் பதினாறு வயது மாணவியின் தலைமையில் மாணவர் பள்ளியை விட்டு வெளியேறினர். அதிலிருந்து எழுந்த வழக்கு, 1954 ஆம் ஆண்டிற் தனிப்பள்ளி முறையையே செல்லாதாக்கிய பிரவுண் வழக்கின் ஐந்து கூறுகளில் ஒன்றாயிற்று. அத்தீர்ப்புக்குப் பணிய மனமில்லாத அம்மாவட்டத்து வெள்ளையர் நிருவாகம், 1959 முதல் 1964 வரை பொதுப்பள்ளிகள் அனைத்தையும் மூடியே வைத்திருந்தது.

பின்னர் நடந்ததே எமக்குப் பாடமாவது. தனிப்பள்ளி முறை ஒழிந்தபோது பல ஊர்களிற் கறுப்பினத்தவரின் உயர்பாடசாலைகள் மூடப்பட்டன. பிள்ளைகள் வெள்ளையரின் பள்ளிக்கு அனுப்பப்பட்டனர். ஆசிரியரும் அதிபரும் ஆயிரக்கணக்கில் வேலை இழந்தனர். வெற்றிக் கிண்ணங்களும் படங்களும் பதிவேடுகளும் குப்பைக்குப் போயின. அநீதி ஒழிந்தது நன்றே. ஆனால் அவ்வநீதியின் நடுவே நின்று பிள்ளைகளை ஆளாக்கிய ஆசிரியரின் உழைப்பும் அதனோடு சேர்த்துத் துடைக்கப்பட்டது. இதனை உணர்ந்த பழைய மாணவர்கள் ஊர்தோறும் கூடித் தம் பள்ளியின் எச்சங்களைச் சேர்க்கத் தொடங்கினர். மோட்டன் பாடசாலையின் கட்டடத்தை விற்றுவிட எண்ணியபோது, அவ்வூர்க் கறுப்பினப் பெண்களின் சங்கம் ஒன்று முன்னின்று தடுத்தது. 1998 ஆம் ஆண்டில் அது தேசிய வரலாற்றுச் சின்னமாயிற்று. 2001 ஆம் ஆண்டில், மாணவர் வெளியேறியதன் ஐம்பதாம் ஆண்டு நிறைவில், நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. அங்கே வேலையைத் தொடக்கியவர் பேராசிரியருமல்லர், அமைச்சருமல்லர். அங்கே படித்தவரும் அவர்தம் உறவினருமே.

இந்நாட்டிலும் முன்மாதிரி இல்லாமலில்லை. கம்பளைப் பக்கத்துப் பழைய பீகொக் தோட்டத்திற் பழைய லயமொன்றையே தோட்டத் தொழிலாளர் நூதனசாலையாக 2007 ஆம் ஆண்டில் அமைத்தனர். லயத்துக் காம்பராவைக் காக்கலாமெனின், லயத்துப் பள்ளியையும் காக்கலாம்.

இக்கருத்தை நண்பர்களிடம் கூறியபோது எழுந்த மறுப்புக்களை இங்கு ஒளியாது குறிப்பிடுகின்றோம்.

முதலாவது: “அது எமது இழிவின் சின்னம், மறந்துவிடுவதே நன்று.” இவ்வாறு கூறிய நண்பரின் நெஞ்சில் உள்ள புண்ணை நாம் மதிக்கின்றோம். ஆயினும் இழிவு யாருடையது? பத்து வயதோடு போதும் என விதித்தவருடையதா, பத்து வயதுக்குள் எழுத்தைப் பற்றிக்கொண்ட பிள்ளையினுடையதா? தந்தை வறியவர் என்பதற்காக அவர் படத்தைச் சுவரிலிருந்து இறக்குவார் உண்டோ?

இரண்டாவது: “பிரிவினையின் நினைவைப் பேணினாற் பிரிவினையே வளரும்.” நாம் கருதுவது இதற்கு மாறானது. எங்கே பிரிக்கப்பட்டோம், எவ்வாறு சேர்ந்தோம் என்பதை அறியாத தலைமுறைக்குச் சேர்ந்திருப்பதன் அருமை தெரியாது. மேலும், தோட்டத்தின் கதை சிங்களக் கிராமத்தின் கதையோடும் பின்னியது. கோப்பிக்கென எடுக்கப்பட்ட காட்டோரக் காணிகளால் வருந்திய கிராமத்தவரும், அக்காணியில் உழைக்கக் கொணரப்பட்ட தமிழரும் ஒரே ஆட்சியின் கீழ் வெவ்வேறு விதமாக நசுங்கினர். பழைய பல்லேகமவை இழந்த எம் அயலவரிடம் நாம் இக்கதையைச் சொன்னபோது, எம்மினும் விரைவில் அதனை விளங்கிக்கொண்டனர்.

மூன்றாவது: “ஆசிரியர் பற்றாக்குறை தீராத தோட்டப் பாடசாலைகள் இன்றும் இருக்கையிற் பழங்குப்பைக்குப் பணமா?” இதுவே வலிமையான மறுப்பு. இதற்கு எமது விடை: பெரும்பணம் வேண்டியதில்லை என்பது ஒன்று. மற்றையது, இப்பற்றாக்குறை நேற்றுத் தோன்றிய நோயன்று. அது எப்போது, எவர் விதித்த எல்லையாற் தோன்றியது என்பதை ஆதாரத்தோடு காட்டக்கூடியவனுக்கே இன்று உரிமையோடு கேட்க வாயுண்டு. சான்றில்லாதவனின் முறையீடு இரப்பாக மாறிவிடும்.

நான்காவது மறுப்பை எவரும் வாய்விட்டுக் கூறவில்லை. ஆயினும் அதுவே யாவற்றிலும் பெரிதென ஐயுறுகின்றோம். இவ்வரலாற்றை உண்மையாக எழுதப் புகுந்தால், துரையை மட்டும் எழுதி நிறுத்த முடியாது. எம்மையும் எழுத வேண்டிவரும். தோட்டத்திலிருந்து விடியுமுன் எழுந்து, மைல் கணக்கில் நடந்து, பனியில் நனைந்த சட்டையோடு எமது வகுப்பறைக்கு வந்த பிள்ளைகளைப் பின்வாங்கில் அமர்த்தியவர் துரை அல்லர். அவர்களுடைய பேச்சைக் கேட்டுச் சிரித்தவரும், “தோட்டக்காட்டான்” என்று அழைத்தவரும் வெள்ளையர் அல்லர். பட்டணத்துத் தமிழ்ப் பிள்ளைகளாகிய எம்மிற் சிலரே. அழைக்கப்பட்டவர்களும் எம்மிற் சிலர். அவர்களிற் பலர் தாம் முதலிற் படித்த பள்ளியின் பெயரைப் பின்னர் எங்கும் கூறாது மறைத்தனர். விண்ணப்பப் படிவங்களில் இக்கல்லூரியின் பெயரை எழுதி, அதற்கு முந்திய வரியை வெறுமையாக விட்டனர். அவ்வெறுமைக்கு நாம் பொறுப்பாளிகள். யூபிலி என்பது புகழுரைக்கு மட்டுமன்று, கணக்குத் தீர்ப்பதற்கும் உரிய காலம் எனக் கொண்டால், தீர்க்க வேண்டிய முதற் கணக்கு இதுவே.

இனிச் செய்யத்தக்கன யாவை? எமது யோசனைகள் எளியன.

முதலாவதாக, எமது கல்லூரியின் சேர்விடாப்புக்களில் “முன்னர்க் கற்ற பாடசாலை” என ஒரு நிரல் உண்டு. அந்நிரலை ஆண்டாண்டாக எடுத்து எழுதினால், எம்மிடம் பிள்ளைகளை அனுப்பிய தோட்டப் பாடசாலைகளின் பட்டியல் தானே கிடைக்கும். அரசு பொறுப்பேற்றபோது அவற்றுட் பல, தெய்வங்களின் பெயரையும் சான்றோரின் பெயரையும் பெற்றன. புதிய பெயர்கள் அழகியன. ஆயினும் பழைய பெயர் எது, புதியது எது என இணைத்துக் காட்டும் அட்டவணை ஒன்று உடனே வேண்டும். அதனை நினைவிலிருந்து கூறக்கூடியவர்கள் முதியவராகிவிட்டனர்.

இரண்டாவதாக, எஞ்சியுள்ள சம்பவத் திரட்டுக்கள், சேர்விடாப்புக்கள், விடுகைப் பத்திரங்கள், வகுப்புப் படங்கள் ஆகியவற்றைத் தேடிப் படியெடுக்க வேண்டும். இன்று ஒவ்வொரு மாணவனின் சட்டைப்பையிலும் கைத்தொலைபேசியிற் படக்கருவி இருக்கின்றது. மூலத்தை உரியவரிடமே விட்டுப் படியை மட்டும் பெறலாம். ஒரு படி எமது கல்லூரி நூலகத்திலும், ஒரு படி தேசிய சுவடிகள் திணைக்களத்திலும், ஒரு படி இணையத்தில் ஈழத்துத் தமிழ் ஆவணங்களைத் தொகுத்துவரும் நூலகம் நிறுவனத்திடமும் இருக்கட்டும். ஒரே இடத்தில் எல்லாவற்றையும் வைப்பதன் அபாயத்தை 1981 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கு நேர்ந்த கதி எமக்கு உணர்த்தியிருக்கின்றது. பிறப்புச் சான்று இல்லாத பலருக்கு வயதையும் வாழ்விடத்தையும் காட்ட எஞ்சிய சான்று பாடசாலை இடாப்பே என்பதையும் நினைவிற் கொள்க. நாடற்றவர் என்ற நிலை 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீங்கியதாயினும், தாம் எங்கிருந்தோம் என்பதை அறியும் உரிமை நீங்கவில்லை.

மூன்றாவதாக, முதியோரின் சொற்களை ஒலிப்பதிவு செய்ய வேண்டும். ஓய்வுபெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியர்கள், அங்கே கற்ற தொழிலாளர்கள், பாதியிற் பள்ளியை விட்ட பெண்கள் ஆகிய யாவரையும் அணுகுக. இந்தியா சென்று நீலகிரிப் பகுதியிலும் பிற இடங்களிலும் குடியேறியோரை மறத்தலாகாது. எமது கல்லூரியின் பழைய மாணவர் சிலர் அங்கும் உளர். உயர்தர வகுப்பு மாணவர் ஒவ்வொருவரும் விடுமுறையில் ஒரு முதியவரின் கதையை எழுதி வருதல் என்று விதித்தால், சில ஆண்டுகளிற் பெரும் திரட்டு உருவாகும். தம் பாட்டியின் கதையை எழுதும் மாணவன் பின்வாங்கிற் கூனிக் குறுகி இருக்க மாட்டான்.

நான்காவதாக, இம்மாவட்டத்திற் கூரையும் சுவரும் எஞ்சிய பழைய தோட்டப் பாடசாலை மண்டபம் ஒன்றையேனும் நிலையாகக் காக்க வேண்டும். தோட்டங்கள் இன்று அரசின் கையிலும் கம்பனிகளின் கையிலும் இருப்பதால் அனுமதி பெறச் சிரமம் உண்டு; எழுத்தில் முறையாகக் கேட்போம். காப்பதென்றாற் பூட்டிவைப்பதன்று. மாலையிற் பிள்ளைகள் படிக்கும் வாசிகசாலையாக அது இருக்கட்டும். ஒரு சுவரில் மட்டும் பழைய வாங்கும் கரும்பலகையும் இடாப்பின் படியும் இருக்கட்டும்.

யூபிலி நினைவாக வாயிலில் வளைவு கட்டலாம், மணிக்கூட்டுக் கோபுரம் எழுப்பலாம் என அன்பர்கள் பேசிக்கொள்வது எம் செவியிலும் விழுந்தது. அவை வேண்டா என நாம் கூறவில்லை. வளைவுக்குச் செலவாகும் பணத்தில் ஒரு சிறு பங்கை இப்பணிக்கு ஒதுக்குக எனவே கேட்கின்றோம். வளைவைக் காலந்தாழ்த்தியும் கட்டலாம். அதற்குரிய கல்லும் சீமேந்தும் அடுத்த ஆண்டும் கிடைக்கும். பதினொரு பெயர்களை வரிசையாகச் சொன்ன அம்மையார் அடுத்த ஆண்டு இருப்பார் என எவர் உறுதி கூற வல்லார்?

பழைய பல்லேகம இருந்த இடத்தில் இப்போது நீர் விரிந்து கிடக்கின்றது. மாலை வேளைகளிற் கரையில் நிற்கும் முதியவர்கள் தம் பேரப்பிள்ளைகளுக்கு, “அங்கேதான் கடை இருந்தது, அதற்கப்பாலேதான் எங்கள் வீடு” என நீரைச் சுட்டிக் காட்டுவதைப் பார்த்திருக்கின்றோம். சுட்டிக் காட்டும் விரல் உள்ளவரை ஊர் முற்றாக மறைந்துவிடுவதில்லை. லயப் பள்ளிக்கூடத்துக்கு அவ்விரலாக எமது கல்லூரி இருக்கட்டும். எம் சேர்விடாப்பில் “முன்னர்க் கற்ற பாடசாலை” என்ற நிரலில் எழுதப்பட்ட ஒவ்வொரு பெயரும், இனி எந்த விண்ணப்பத்திலும் மறைக்கப்படாத பெயராகட்டும்.

பழைய மாணவர் சிலர்,
பல்லேகம.